ஜவுளிக்கடைப் பட்டைக்குப் பின்னால் இருந்த தேதி

காட்டேரி வளைவைத் தாண்டிக் கீழே நடந்துகொண்டிருந்தேன். முதுகில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கம்பளி, பாதி தீர்ந்த பற்பசை. மதியம் ஆகியும் மேகம் சாலையை விட்டு எழுந்திருக்கவில்லை. மலையிறங்கும் லாரிகளின் பிரேக் கருகும் வாடை மூக்கிலேயே நின்றது.

பஸ்ஸில் போயிருக்கலாம். பஸ்ஸில் ஏறினால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், நான் பதில் சொல்லுவேன், உடனே “அந்த டிவிக்காரருங்களா நீங்க?” என்பார்கள். குன்னூரில் என் முகம் யாருக்கும் தெரியாது. குரல் எல்லோருக்கும் தெரியும். அதனால் நடந்தேன்.

வழியில் ஒரு டீக்கடை. பாய்லருக்கு மேலே பலகையில் சின்ன டிவி. டம்ளரைக் கையில் வாங்கும்போது டிவியில் நான் பேச ஆரம்பித்தேன்.

“இன்னும் ஒரே நாள். மாதா கோவில் தேர்ப்பவனி. நாளை மாலை நான்கு மணி முதல் நேரடி ஒளிபரப்பு. காணத் தவறாதீர்கள்.”

கடைக்காரர் பெஞ்சில் இருந்தவரிடம் கேட்டார். “ஏனுங்க, தேரு நேத்தே முடிஞ்சுதுங்களே. இன்னும் ஒரே நாள்ங்கறான்?”

“அடுத்த வருசத்துத் தேருக்கு இப்பவே சொல்றானாட்ட இருக்குதுங்க.”

இருவரும் சிரித்தார்கள். அந்த விளம்பரம் கம்ப்யூட்டரில் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். யாராவது போய் நிறுத்த வேண்டும். நிறுத்துகிற ஆள் நான்தான். நான் இங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

திரையில் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பையன் மூன்று விநாடி சிரித்தான். பிறகு ஒரு அம்மாவின் முகம். “சுதா, போனு கெடைச்சிருச்சுடா” என்றார். பிறகு மறுபடி என் குரல்: “மகன் வருவானா?”

“அந்தப் பையன் வந்தானுங்களா?” என்றார் கடைக்காரர்.

“வரலையாமா.”

டம்ளரைப் பாதியோடு வைத்துவிட்டு எழுந்தேன்.

தேரைக் காட்டாதே

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்காக விட்டேன் என்று இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். சேனல் வேலைக்கு வந்தது மட்டும் சொல்லவில்லை. அப்போது நான் மினிபஸ்ஸில் கண்டக்டர். அருவங்காடு, வெலிங்டன், பெட்போர்டு என்று நாள் முழுக்கக் கத்துவேன். ஒருநாள் படிக்கட்டு ஓரத்தில் நின்றிருந்த ஒருவர் இறங்கும்போது தோளைத் தட்டி, “உனக்குத் தொண்டை இருக்குது. எதுக்கு பஸ்ஸுல வீணாக்கறே?” என்றார். அவர்தான் ஜெரால்டு. உள்ளூர் கேபிள் சேனல் வைத்திருந்தார். சேனலின் பெயர் இங்கே வேண்டாம்.

பேக்கரிக்கு மேல்மாடியில் ஆபீஸ். தகரக் கூரை. குரல் பதிகிற அறை முன்பு குளியலறையாக இருந்தது. சுவர் நான்கிலும் எஸ்டேட் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தோம். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் ஒன்றும் பதிய முடியாது. மழை விட்டதும் ஓடிப்போய், அடுத்த மழைக்கு முன் பேசி முடிக்க வேண்டும். நான் அவசரமாகப் பேசுவதை ஜனங்கள் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்கள். “விழா வருதுன்னா இவன் சொன்னாத்தான் வந்த மாதிரி இருக்குது” என்று ஒரு மளிகைக்கடைக்காரர் சொன்னாராம். மூச்சு வாங்கியதுதான் காரணம்.

சேனல் பிழைப்பதே நேரடி ஒளிபரப்புகளில்தான். மாரியம்மன் தேர், எத்தையம்மன் பண்டிகை, கால்பந்து இறுதிப் போட்டி, கிறிஸ்துமஸ் பவனி. மூன்று வாரம் முன்னால் திரைக்கு அடியில் எழுத்து ஓடும். கொடியேற்றம் ஆனதும் நாற்பது விநாடி விளம்பரம் செய்வோம். ஏழு நாள், ஆறு நாள், ஐந்து நாள் என்று எண்ணிக்கொண்டே வருவோம்.

நடக்காத விழாவுக்கு எங்கிருந்து படம் வரும்? பழைய வருடத்துப் படத்தைத்தான் வெட்டிப் போடுவோம். அதை எப்படி வெட்டுவது என்று ஜெரால்டு முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்.

“தேரைக் காட்டாத சேகரு. தேரு எல்லா வருசமும் அதே தேருதான். மூஞ்சியக் காட்டு. ஒரு மூஞ்சி வந்தா, அந்த மூஞ்சிக்காரன், அவன் மாமனாரு ஊடு, அவன் கூட வேல செய்யறவன், எல்லாரும் டிவி போடுவான். தேரப் பாக்க இல்ல. நம்ம மூஞ்சி மறுபடி வருதான்னு பாக்க.”

ஆகவே நாற்பது விநாடியில் பதினான்கு முகம். மெழுகுவத்தி பிடித்த பெண்கள், பேண்டு வாசிக்கிறவர்கள், ஏணியில் நின்று சிரிக்கிறவர்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பழைய கேமராவில் தேதி படத்தோடேயே பதிந்துவிடும். வலது மூலையில், கீழே. அதை நிறுத்தத் தெரிந்த ஆள் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டான். தேதி தெரிந்தால் பழைய சரக்கு என்று ஆகிவிடும். அதனால் அதன்மேல் விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடையின் பெயரைச் சிவப்புப் பட்டையாக வைத்து மூடிவிடுவோம். அது என் வேலை. அந்தப் பட்டையை மவுஸால் இழுத்துத் தேதிமேல் வைக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. ஜன்னலைச் சாத்துவதுபோலச் செய்வேன்.

இந்த வருடம், போன வருடத்துப் படம் உதவவில்லை. பவனி முழுக்க மழை. குடைகள்தான் இருந்தன, முகம் இல்லை. அதற்கு முந்தின வருடத்துப் படத்தை எடுத்தேன். மெடிக்கல் கடை போர்டுக்குக் கீழே, கையில் சீரியல் லைட் சுருளோடு, பச்சை ஸ்வெட்டரில் ஒரு பையன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்பு. மூன்று விநாடி வெட்டிக்கொண்டேன்.

பந்தலூர் பஸ்

வியாழக்கிழமை பகலில் அந்த அம்மா மாடிப்படி ஏறி வந்தார். மாரியாயி என்று பெயர் சொன்னார். பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். சிலோனிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். விடியற்காலையில் ஏறி, கூடலூரில் மாறி, ஊட்டியில் மாறி வந்திருந்தார். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை. உட்காரச் சொன்னதும், சேலை ஈரமாக இருக்கிறது என்று நின்றார்.

மடியிலிருந்து ஒரு போனை எடுத்தார். துணியில் சுற்றியிருந்தது. எங்கள் விளம்பரத்தை யாரோ அனுப்பி, அது கைமாறிக் கைமாறி எஸ்டேட்டில் அவர்கள் லயத்து வரிசை வீடுகள் வரைக்கும் போயிருக்கிறது. அவரே அழுத்தி ஓடவிட்டு, பச்சை ஸ்வெட்டர் வந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். நன்றாகப் பழகியிருந்தார்.

“தம்பி, இதுல சிரிக்கிறது என் மகன். சுதாகரு.”

“அப்படீங்களாம்மா.”

“வீட்ட விட்டுப் போனவன். போன பெறகு ஒரு தகவல் இல்ல. உசுரோட இருக்கானான்னே தெரியாது எனக்கு. இது எப்ப எடுத்த படம் தம்பி?”

ஜெரால்டு எனக்குப் பின்னால் நின்றிருந்தார். ஆனால் அவர்மேல் பழி போட மாட்டேன். அவர் வாயைத் திறக்கவே இல்லை. அந்த அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸுக்கு வருகிறவர்கள் படம் எப்போது எடுத்தது என்று கேட்டால் நான் எப்போதும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. அதுவே வந்துவிட்டது.

“போன ஞாயித்துக்கெழமைங்கம்மா. கொடியேத்தத்தப்ப எடுத்தது.”

அப்போதுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டீ வரவழைத்தோம். குடிக்காமல் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் புதுப் போன் காணாமல் போனது. அன்று அந்த வீட்டுக்குப் போய் வந்தவன் சுதாகர். லயமே கூடிவிட்டது. அவன் எடுக்கவில்லை என்றான். எல்லோர் முன்னாலும் இந்த அம்மா அவன் சட்டைப்பையில் கைவிட்டுத் தேடினார். பெட்டியைக் கொட்டித் தேடினார். “ஒளிச்சு வச்சிருந்தா குடுத்துரு” என்றார். அன்று சாயங்காலம் அவன் போய்விட்டான். பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணின் வீட்டிலேயே அரிசி மூட்டைக்குப் பின்னால் போன் கிடைத்தது.

“இதுதான் தம்பி அந்தப் போனு” என்று கையில் இருந்ததைக் காட்டினார். “அந்தப் புள்ளதான் குடுத்து அனுப்புச்சு. எடுத்துட்டுப் போய்க் காட்டுக்கா, தேடிக் கூட்டியான்னு.”

போனை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டே, “வேற ஒண்ணும் வேணாம். போனு கெடைச்சிருச்சுன்னு அவன்கிட்டச் சொல்லணும்” என்றார்.

மிச்சத்தை லைவில் சொல்லட்டும்

ஜெரால்டு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

“அண்ணா, அது ரெண்டு வருசத்துக்கு முந்தின படம்.”

“தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனா யோசிச்சுப் பாரு. அவன் இங்க எங்கியோ லைட்டு கட்டிட்டு இருக்கலாமில்ல? டிவில போட்டா தானா வருவான். நல்லதுதானே பண்றோம்?”

“வரலீன்னா?”

“வரலீன்னா அப்பப் பாத்துக்கலாம். தேரு முடியட்டும். இப்பச் சொன்னா அந்தம்மா இந்தப் படியிலயே உழுந்துரும்.”

கடைசியில் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

கம்பளி தொங்கும் அறையில் அவரை உட்காரவைத்துக் கேமராவைப் பார்த்துப் பேசச் சொன்னோம். முதல் இரண்டு தடவை தரையைப் பார்த்துப் பேசினார். மூன்றாம் தடவை கேமராக் கண்ணாடியை நேராகப் பார்த்தார். “சுதா, போனு கெடைச்சிருச்சுடா. அரிசி மூட்டைக்குப் பின்னால கெடந்துச்சு. நீ எடுக்கல. அம்மாதான் தப்பாத் தேடிட்டேன். வந்துரு.”

ஜெரால்டு முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டார்.

“மிச்சத்த ஞாயித்துக்கெழம லைவ்ல சொல்லட்டும். எல்லாம் இப்பவே சொல்லிட்டா எவன் பாப்பான்?”

போன் கிடைத்துவிட்டது என்று மட்டும் கேட்கிற ஒருவன் என்ன நினைப்பான்? எங்கே கிடைத்தது, யாரிடம் கிடைத்தது என்று அவனுக்கு யார் சொல்வது? எனக்கு இது அப்போதே தோன்றியது. வெளியே மழை விட்டிருந்தது. “போ போ, பேசிரு” என்றார். உள்ளே போய் “மகன் வருவானா?” என்று பேசிவிட்டு வந்தேன். ஒரே தடவையில் சரியாக வந்தது.

அரை மணிக்கு ஒருமுறை ஓடியது. நான்கு வருடத்தில் அப்படி ஒரு வரவேற்பை நான் பார்த்ததில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. வெலிங்டனிலிருந்து, கோத்தகிரியிலிருந்து. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: பையன் வந்துவிட்டானா? இல்லையென்றதும் சந்தோஷமாகவே வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மீதி இருக்கிறதே.

அந்த அம்மாவுக்குக் கன்னியர் மடத்தில் படுக்க இடம் கொடுத்தார்கள். பகல் முழுக்க மெடிக்கல் கடை போர்டுக்குக் கீழே நின்றார். நான் தாண்டிப் போகும்போதெல்லாம் கேட்பார். “இந்த எடந்தானே தம்பி?”

“ஆமாங்கம்மா.”

“கால் மாத்திக் கால் மாத்தி நிப்பான். சின்னதுலேருந்தே அப்படித்தான்.”

ஒருதடவை, “யாரு வாங்கிக் குடுத்தாங்களோ, ஸ்வெட்டரு அவனுக்கு நல்லா இருக்கு” என்றார்.

சனிக்கிழமை ஆபீஸில் டிஸ்க்கைக் காலி செய்தேன். ஒவ்வொரு நேரடி ஒளிபரப்புக்கு முன்பும் இருப்பதிலேயே பழைய பதிவை அழித்து இடம் பண்ணுவது வழக்கம். விளம்பரத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு முந்தின பதிவு எல்லாவற்றையும் அழித்தேன்.

இரண்டாம் கேமரா

ஞாயிறு மாலை தேர் கிளம்பியது. ஜனங்கள் நேர்ந்துகொண்டு வீசிய உப்பும் மிளகும் தேர்மேல் விழுந்து சிதறின. பேண்டுச் சத்தம் மேகத்துக்குள் அடங்கி எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது. இரண்டு கேமராவில் ஒன்றை ஜெரால்டு அந்த அம்மாவின் முன்னால் நிறுத்திவிட்டார். நான் மைக்கோடு பக்கத்தில் நின்றேன்.

ஜனங்கள் தேரைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி அவரைப் பார்த்தார்கள். “அந்தம்மா இதானுங்க” என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். ஒருத்தி அவர் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டாள். அவருக்கு அது எதுவும் தெரியவில்லை. வருகிற முகம் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை ஸ்வெட்டர் ஒன்று கூட்டத்தில் தெரிந்தது. அவர் இரண்டடி முன்னால் போனார். வெடிமருந்துத் தொழிற்சாலை ஆள் ஒருவர் திரும்பினார், ஐம்பது வயதிருக்கும். அம்மா பின்னால் வந்து பழைய இடத்தில் நின்றார்.

காதில் ஜெரால்டு சொன்னார். “மூஞ்சியிலயே வை. பேசு சேகரு, சும்மா நிக்காத.”

பேசினேன். தாயின் கண்கள் மகனைத் தேடுகின்றன என்றேன். இன்னும் சில நிமிடங்களில் என்றேன். என் குரல் தெருவில் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலும் வந்தது. அவர் அதைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எதையோ பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, நான் பார்த்த பக்கம் எட்டிப் பார்த்தார்.

தேர் கோவில் வாசலை அடைந்தது. ஃபாதர் ஆசீர்வாதம் தொடங்கிவிட்டார். ஒளிபரப்பு அங்கே போய்விட்டது. அப்படியே முடிந்தும் விட்டது. மிச்ச வரிகளைச் சொல்ல அந்த அம்மாவுக்கு நேரம் வரவே இல்லை.

கூட்டம் கலைந்தபின் சொன்னேன். ஈரச் சாலையில் பூவும் உப்பும் ஒட்டிக் கிடந்தன. லைட்டுக்காரர்கள் ஏணி போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, அந்தப் படம் இந்த வருசத்துது இல்லீங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி எடுத்தது.”

அவர் விரல்களைப் பார்த்தார்.

“அப்ப ரெண்டு குளிரு போயிருச்சு” என்றார். “அந்த ஸ்வெட்டரு இந்நேரம் கிழிஞ்சிருக்கும்.”

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“படத்துல தேதி இருக்காதா தம்பி?”

“இருந்துச்சுங்க. நான்தான் மறைச்சேன்.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் போனை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். “தேதி தெரியிற மாதிரி ஒரு படம் இதுல ஏத்திக் குடுங்க. எந்தத் தேதி வரைக்கும் உசுரோட இருந்தான்னாவது தெரியட்டும்.”

திங்கள் காலை ஆபீஸைத் திறந்து, அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். எனக்கு அதிகம் தெரியாது. அந்த இடத்தில் இந்த வருடத்துத் தேர் பதிந்திருந்தது. விளம்பரத் துண்டு மட்டும் இருந்தது. அதில் சிவப்புப் பட்டை இருந்தது.

பஸ் நிலையத்தில் அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஊட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்த பிறகு, “அடுத்த வருசமும் அந்தத் துண்டப் போடச் சொல்லுங்க தம்பி” என்றார். “சிரிச்ச படம் எங்கிட்ட வேற இல்ல.”

பஸ் போனது. நான் அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டேன். ஜெரால்டிடம் சொல்லவில்லை.

பர்லியார்

டீக்கடையிலிருந்து எழுந்து இன்னும் இறங்கினேன். வெளிச்சம் மங்கும்போது பர்லியார் வந்துவிட்டது. மேகம் மேலேயே நின்றுவிட்டிருந்தது. காற்றில் பலாப்பழ வாசனை. ஒரு பழக்கடைக்காரம்மா யானை இறங்குகிற நேரம் என்று மேற்கொண்டு நடக்க விடவில்லை. கடைக்குப் பின்னால் சாக்குமேல் படுத்துக்கொள்ளச் சொன்னார்.

காலையில் எழுந்ததும், “ஆளு வேணுங்களா?” என்று கேட்டேன்.

“வேணுந்தான். பஸ்ஸு நின்னா சத்தம் போட்டு விக்கத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சரி, கூடைய எறக்கு. அப்புறம் அந்த மங்குஸ்தானத் தொடைச்சு வை.”

முந்தாநாள் வந்த பழம் என்று அவரே சொன்னார். ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். காம்பு காய்ந்தது அடியில், பச்சையாக இருப்பது மேலே. ஊதாத் தோல் தண்ணீர் பட்டதும் பளபளத்தது. வேலை கஷ்டமாக இல்லை.

ஏழு மணிக்கு முதல் பஸ் கடைக்கு முன்னால் நின்றது. ஜன்னலிலிருந்து ஒரு பெண் குனிந்து கேட்டாள். “ஏனுங்க, இன்னிக்குப் பறிச்சதுங்களா?”

“ஆமாங்க” என்றேன்.

அவள் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டாள். பஸ் போனதும் அடுத்த பழத்தை எடுத்துத் துடைத்தேன்.